25 நிமிடத்தில் தட்டை எடுக்கச் சொல்லாதீர்கள்: மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

உள்நோயாளிகளின் உணவு நேரம் குறித்து நீங்கள் அனுப்பியிருக்கும் சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. தட்டு வைத்த 25 நிமிடத்தில் அதைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். ஊட்டிவிடுவதற்கென்று இருந்த உதவியாளர் பணியிடங்கள் நீக்கப்படுகின்றன; அந்த வேலையை ஷிஃப்டில் இருக்கும் செவிலியர்களே சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குள் போதுமான அளவு சாப்பிடாத நோயாளிக்கு மூக்குவழிக் குழாய் போடுவதைப் பரிசீலிக்க வேண்டும். இந்த மூன்றில் எதையும் எங்களால் ஏற்க முடியவில்லை. தினமும் நோயாளிகளின் வாயருகே கரண்டி பிடிக்கும் செவிலியர்கள், உணவியலாளர்கள், விழுங்கல் சிகிச்சையாளர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

25 நிமிடம் என்ற கணக்கிலிருந்தே தொடங்குகிறோம். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 300 மில்லி அளவு மசித்த உணவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பாதுகாப்பான அளவு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. அப்படியானால் 60 கரண்டி. ஒவ்வொரு கரண்டிக்கும் வாய் திறக்கவும், நாக்கு உணவைப் பின்னால் தள்ளவும், ஒருமுறை விழுங்கவும், தொண்டையில் மிச்சம் இருப்பதை இறக்க மறுபடி ஒருமுறை வெறுமனே விழுங்கவும் அரை நிமிடம் ஆகும். 60 கரண்டிக்கு 30 நிமிடம். அதற்கு முன் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, வாயை ஈரப்படுத்தி, பல்செட் மாட்ட 5 நிமிடம். முடிந்தபின் கன்னத்துக்குள் தேங்கியதை எடுத்து வாயைச் சுத்தம் செய்ய 5 நிமிடம். மொத்தம் 40 நிமிடம். இடையில் ஒருமுறை இருமினால், களைத்துப்போய் மூச்சு வாங்கினால், இன்னும் கூடும். யாரும் மெத்தனமாக வேலை பார்த்ததால் வந்த 40 நிமிடம் அல்ல இது. அந்தத் தொண்டை கேட்கும் நேரம் அது.

ஒரு வாய் உணவை விழுங்குவதில் முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் வேலை செய்கின்றன. மூளையிலிருந்து நேரே வரும் 12 ஜோடி நரம்புகளில் குறைந்தது 5 ஜோடி அவற்றை இயக்குகின்றன. உணவு தொண்டைக்குள் வந்ததும் மூச்சு நிற்க வேண்டும்; குரல்வளை மேலேறி முன்னே வர வேண்டும்; அதன் மூடி சாய வேண்டும்; குரல்நாண்கள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும்; உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். இத்தனையும் சுமார் ஒரு நொடிக்குள். நலமாக இருக்கும் உடலில் இது நடப்பதே தெரியாது. பக்கவாதம் வந்தவரிடம் இந்த வரிசை தாமதமாகத் தொடங்கும். பார்க்கின்சன் நோயாளியின் நாக்கு உணவை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருக்கும், பின்னால் தள்ளாது. மறதிநோய் முற்றியவர் உணவை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்துபோவார். இவர்களை அவசரப்படுத்தினால் முதல் கரண்டி இறங்குமுன் இரண்டாவது கரண்டி உள்ளே போய்விடும். தொண்டையின் இடுக்குகளில் தேங்கியது, மூச்சு மீண்டும் தொடங்கும்போது மூச்சுக்குழாய்க்குள் சரியும்.

புரையேறினால் இருமுவார், தெரிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தொண்டையின் உணர்வு மங்கியவர்களுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. ஈரம் கலந்த கரகரத்த குரல், சாப்பிட்டபின் வேகமாகும் மூச்சு, மாலையில் ஏறும் காய்ச்சல் என்று வேறு வழியில்தான் அது வெளிப்படும். அதனால்தான் சில கரண்டிகளுக்கு ஒருமுறை நோயாளியை ‘ஆ’ என்று சொல்லச் சொல்லிக் கேட்கிறோம். குரல் நனைந்திருந்தால் நிறுத்தி, செருமச் சொல்லி, மறுபடி விழுங்கச் செய்கிறோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊட்டுகிறவரால் இந்தக் குரலைக் கவனிக்க முடியாது.

1998இல் சூசன் லாங்மோர் குழுவினர், 189 முதியவர்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டார்கள். புரையேறுவதால் வரும் நிமோனியாவை எவை முன்கூட்டிக் காட்டுகின்றன என்பதே கேள்வி. விழுங்குவதில் சிரமம் இருப்பது மட்டும் நிமோனியாவுக்குப் போதுமான காரணமாக இல்லை. சாப்பிடப் பிறர் கையை நம்பியிருப்பது, வாயைச் சுத்தம் செய்யப் பிறரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை, குழாய்வழி உணவு ஆகியவை முன்னால் வந்து நின்றன. யார் ஊட்டுகிறார், எப்படி ஊட்டுகிறார், வாய் சுத்தமாக இருக்கிறதா என்பதெல்லாம் நுரையீரலின் விதியைத் தீர்மானிக்கிறது. அந்தப் பணியிடங்களைத்தான் நீங்கள் நீக்கியிருக்கிறீர்கள்.

பயிற்சி பெற்ற உதவியாளர் செய்வதை இங்கே எழுதிவைக்கிறோம். ‘யார் வேண்டுமானாலும் ஊட்டலாம்’ என்று சுற்றறிக்கை கருதுவதால் இது தேவைப்படுகிறது. படுக்கையின் தலைப்பகுதியை மட்டும் தூக்கினால் நோயாளி சரிந்து இடுப்பு மடங்கிக் கிடப்பார். முதலில் அவரை மேலே இழுத்து, இடுப்பு மடியும் இடமும் படுக்கை மடியும் இடமும் ஒன்றாக வரும்படி வைத்து, அதன்பிறகே 90 பாகைக்கு நிமிர்த்த வேண்டும். முடிந்தால் நாற்காலியில் உட்காரவைத்து, பாதங்கள் தரையிலோ பலகையிலோ படும்படி வைக்க வேண்டும். கால் தொங்கினால் உடல் தன்னை நிறுத்திக்கொள்ளவே களைத்துவிடும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டக் கூடாது. நின்றால் நோயாளி அண்ணாந்து பார்ப்பார், கழுத்து பின்னால் சாயும், மூச்சுவழி திறந்துகொள்ளும். எதிரே உட்கார்ந்து, கரண்டியைக் கீழிருந்து கொண்டுவந்து, நாக்கின் நடுவில் இலேசாக அழுத்தி வைத்து நேராக வெளியே எடுக்க வேண்டும். மேல்பல்லில் வழித்துவிட்டால் தலை பின்னால் போகும். குரல்வளை மேலேறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு அந்தப் பக்கக் கன்னத்தில் உணவு தங்கிவிடும், அவருக்கே தெரியாது. முடிந்தபின் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். தட்டை எடுத்த கையோடு படுக்கையைத் தாழ்த்திவிடுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. உணவு மேலேறி வந்து நுரையீரலுக்குள் போவதற்கு அது போதும்.

தானே கையால் சாப்பிடக்கூடியவர்களும் இந்த 25 நிமிட விதியில் அடிபடுகிறார்கள். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் இருக்காது. தட்டின் வலது பாதியைக் காலிசெய்துவிட்டு, முடித்துவிட்டதாக நினைத்துக் காத்திருப்பார்கள். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார்கள். மறதிநோய் உள்ளவருக்கு வெள்ளைத் தட்டில் வெள்ளை உணவு கண்ணில் படாது. அழுத்தமான நிறத்தட்டு வேண்டும். மூக்குக்கண்ணாடி இழுப்பறையில் இருக்கும், பல்செட் டம்ளரில் இருக்கும், தண்ணீர் எட்டாத மேசையில் இருக்கும். உறையிட்ட மூடியைக் கிழிக்க மூட்டுவாத விரல்களுக்கு வலு இருக்காது. எடை குறைந்தவரின் ஈறு சுருங்கிப் பல்செட் தளர்ந்திருக்கும், கடித்தால் வலிக்கும், வலிக்கிறது என்று சொல்லமாட்டார். தட்டு தொடாமல் திரும்பி வரும். கேஸ் ஷீட்டில் ‘பசி இல்லை’ என்று எழுதப்படும். அவருக்குப் பசி இருந்திருக்கிறது.

இன்னொன்று அவசரமானது. சாப்பாட்டுக்கு முன் போடும் விரைவு இன்சுலின் கால் மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஊசி போட்டபின் நோயாளி கால் தட்டு சாப்பிட்ட நிலையில் தட்டை எடுத்துவிட்டால், முழுச் சாப்பாட்டுக்குக் கணக்கிட்ட மருந்து உடம்பில் இருக்கும், உணவு இருக்காது. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடும். வியர்வை, நடுக்கம், குழப்பம், அதற்கு மேல் மயக்கம். தட்டு எடுக்கும் ஊழியருக்கு யாருக்கு இன்சுலின் போட்டிருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள உங்கள் சுற்றறிக்கையில் வழியும் இல்லை.

இப்போது குழாய் பற்றி. மூக்குவழிக் குழாயை நாங்கள் எதிர்க்கவில்லை. நினைவு தெளியாதவருக்கும், பக்கவாதத்தின் முதல் நாட்களில் எதையும் விழுங்க முடியாதவருக்கும், தீவிர சிகிச்சையில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கும் அது உயிர் காக்கும். விழுங்கல் திரும்பும்வரை அது ஒரு பாலம். மெதுவாகச் சாப்பிடுவது என்ற காரணத்துக்காக அதைப் போடச் சொல்வதைத்தான் எதிர்க்கிறோம்.

முற்றிய மறதிநோயில் குழாய்வழி உணவு ஆயுளை நீட்டுவதாகவோ புரையேறுவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. 2014இல் வெளியான அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கத்தின் நிலைப்பாடு, இவர்களுக்குக் குழாயைப் பரிந்துரைக்கவில்லை. கவனத்தோடு கையால் ஊட்டுவதையே முன்வைக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. குழாய் இருந்தாலும் எச்சில் தொண்டையில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பயன்படாத வாய் வறண்டு, கிருமி பெருகி, அந்த எச்சிலே நுரையீரலுக்குப் போகும். வயிற்றில் நிறைந்த திரவ உணவு மேலேறி வரும். மூக்கில் ஏதோ உறுத்துகிறது என்பதைத் தவிர வேறெதுவும் புரியாதவர் குழாயைப் பிடுங்குவார். பிடுங்காமலிருக்கக் கையில் உறை மாட்டுவார்கள், அல்லது கட்டுவார்கள். கட்டப்பட்ட மனிதர் அசைய முடியாமல் கிடப்பார், படுக்கைப்புண் வரும். மெதுவாகச் சாப்பிட்டார் என்பதில் தொடங்கி இந்த இடம்வரை வருவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நேரம் மிச்சமாகும் என்ற எதிர்பார்ப்பும் சரியல்ல. குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்ரே. வயிற்றின் மேல் காதுவைத்துக் காற்றொலி கேட்கும் பழைய முறையை நம்பக் கூடாது. உணவுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பொடித்த மாத்திரை அடைத்துக்கொண்டால் மாற்ற வேண்டும். தலைப்பகுதி 30 முதல் 45 பாகை உயர்ந்தே இருக்க வேண்டும். பிடுங்கினால் மறுபடி போட வேண்டும், மறுபடி எக்ஸ்ரே. இந்த வேலைகளுக்கெல்லாம் படித்த செவிலியர் வேண்டும். ஊட்டுவதற்குப் போதுமான உதவியாளரை நீக்கிவிட்டு, அதைவிடக் கடினமான வேலையைச் செவிலியர் தலையில் வைக்கிறீர்கள்.

நோயாளி சாப்பிடவில்லை என்றாலும் ட்ரிப்ஸ் ஓடுகிறதே என்று உங்கள் கூட்டத்தில் சொல்லப்பட்டதாக அறிகிறோம். 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதன் ஆற்றல் சுமார் 170 கலோரி. நாள் முழுக்க மூன்று லிட்டர் ஏற்றினாலும் 510 கலோரி. புரதம் ஒரு துளியும் இல்லை. வெறும் சலைனில் கலோரியே கிடையாது. 60 கிலோ எடையுள்ள ஒரு நோயாளிக்கு, கிலோவுக்கு 30 என்ற கணக்கில், நாளுக்கு 1,800 கலோரியும் 70 கிராமுக்குக் குறையாத புரதமும் வேண்டும். ட்ரிப்ஸ் தண்ணீரையும் உப்பையும் தரும். அதைச் சாப்பாடு என்று எண்ணுவது ஆபத்து.

பட்டினியின் விளைவு மெலிவு மட்டுமல்ல. 1944-45இல் மினசோட்டாவில் அன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், ஆரோக்கியமான 36 இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. அதோடு அவர்கள் எரிச்சல் கொண்டார்கள், மற்றவர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், எதிலும் ஆர்வம் இழந்தார்கள், எந்நேரமும் உணவையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ‘ஒத்துழைப்பதில்லை’, ‘சோர்வாக இருக்கிறார்’, ‘பிசியோதெரபிக்கு மறுக்கிறார்’ என்று எழுதும் பலரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வாரம் என்ன சாப்பிட்டார் என்பது. முதியவர் படுக்கையில் அசையாமல் கிடந்தாலே தொடைத்தசை வேகமாகக் கரையும். அதோடு புரதமும் குறைந்தால் எழுந்து நிற்க முடியாது, புண் ஆறாது, இருமிச் சளியை வெளியேற்றும் வலுவும் போய்விடும்.

இதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. 25 நாடுகளின் மருத்துவமனைகளில் ஒரே நாளில் எடுத்த கணக்கு 2009இல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகள் கொடுத்த உணவை முழுதாகச் சாப்பிடவில்லை. குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் அடுத்த 30 நாளில் இறப்பு அதிகமாக இருந்தது. நோய் கடுமையானவர்கள்தான் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்று இதற்குப் பதில் சொல்லலாம். அந்தக் கேள்விக்கு 2019இல் சுவிட்சர்லாந்தில் நடந்த சோதனை பதில் தந்தது. ஊட்டக்குறைவு அபாயமுள்ள 2,000க்கும் மேற்பட்ட உள்நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான உணவும், மறு பிரிவுக்கு ஒவ்வொருவரின் தேவையைக் கணக்கிட்டுத் திட்டமிட்ட உணவும் கொடுத்தார்கள். 30 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் ஏறக்குறைய 10 சதவீதம், இரண்டாவதில் 7 சதவீதம். ஒரு புதிய மாத்திரை இந்த அளவுக்குப் பலன் காட்டியிருந்தால் மறுவாரமே அதை வாங்கச் சொல்லியிருப்பீர்கள்.

சமையலறையையும் இதில் சேர்த்துப் பேச வேண்டும். மசித்த உணவு கெட்டியாக இருந்தால் மிக்சி சுற்றாது என்று தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒரு பங்கு உணவுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் அளவு இரட்டிக்கும், கரண்டிக்குக் கரண்டி சத்து பாதியாகும். 60 கரண்டியே சிரமப்படும் நோயாளி 120 கரண்டி சாப்பிட வேண்டியிருக்கும். தண்ணீருக்குப் பதில் பாலோ அந்த உணவு வெந்த சாறோ ஊற்ற வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் சுமார் 120 கலோரி கூடும். உணவின் அளவு பெரிதாக மாறாது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்த மண்ணிறக் குழம்பை எந்த மனிதரும் விரும்பிச் சாப்பிடமாட்டார். தனித்தனியாக அரைத்துத் தனித்தனிக் குழிகளில் வைக்க வேண்டும். என்ன சாப்பிடுகிறோம் என்று நோயாளி பார்க்க வேண்டும், மணத்தை உணர வேண்டும். உணவின் மணமும் தோற்றமுமே மூளையிலிருந்து வரும் நரம்புகள் வழியாக எச்சிலையும் வயிற்று அமிலத்தையும் சுரக்க வைக்கின்றன. பாவ்லோவ் செரிமானம் குறித்த ஆய்வுகளுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார். இந்தச் சுரப்பை அந்த ஆய்வுகளே விளக்கின. மூடிய பெட்டியில் ஆறிப்போய் வரும் உணவு இந்த முதல் படியையே இழந்துவிடுகிறது.

விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கெட்டியாக்கிக் கொடுக்கும் திரவத்தின் கெட்டித்தன்மையைக் கண்ணளவில் தீர்மானிக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். 10 மில்லி சிரிஞ்சில் 10 மில்லி நிரப்பி, நுனியை மூடிய விரலை எடுத்து, 10 நொடியில் எவ்வளவு மீதி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இத்தகைய நோயாளிகளின் உணவு, திரவங்களின் பதத்தை வகைப்படுத்தும் சர்வதேச ஐ.டி.டி.எஸ்.ஐ. அளவுகோலின்படி 1 முதல் 4 மில்லி நின்றால் முதல் நிலை. 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை. 8க்கு மேல் நின்று, கொஞ்சமாவது வடிந்தால் மூன்றாம் நிலை. இந்தச் சோதனைக்குச் சிரிஞ்சு ஒன்றும் கடிகாரம் ஒன்றும் போதும். நசுக்கிய உணவில் துண்டுகள் பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மென்மையான துண்டு உணவில் 15 மில்லிமீட்டர். மாவுச்சத்துப் பொடியால் கெட்டியாக்கிய திரவத்தில் எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்ப முக்கினால், எச்சிலின் நொதி மாவுச்சத்தை உடைத்துப் பாதியிலேயே நீர்த்துவிடும். முதல் கரண்டியில் பாதுகாப்பாக இருந்தது இருபதாவது கரண்டியில் பாதுகாப்பாக இருக்காது. பிசின் வகைப் பொடியில் இந்தச் சிக்கல் இல்லை. எது விலை குறைவு என்று பார்த்து வாங்குமுன் எங்களைக் கேளுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் ‘நள்ளிரவிலிருந்து எதுவும் வேண்டாம்’ என்று எழுதும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மயக்க மருத்துவர்களின் வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: இலேசான உணவு 6 மணி நேரத்துக்கு முன்புவரை, தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் 2 மணி நேரத்துக்கு முன்புவரை. செரிமானம் மெதுவாக நடக்கும் சில நோயாளிகளுக்கு மயக்க மருத்துவர் வேறு நேரம் சொல்வார். மற்றவர்கள் பிற்பகல் மூன்று மணி அறுவைக்கு நள்ளிரவிலிருந்து தொண்டை வறளக் காத்திருக்க வேண்டியதில்லை. அறுவை தள்ளிப்போனால் அன்று முழுக்கப் பட்டினி, மறுநாள் மறுபடி பட்டினி. தியேட்டர் பட்டியல் மாறியதும் வார்டுக்கு ஒரு போன் வந்தால் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிடலாம்.

நீண்ட நாள் சாப்பிடாதவருக்குத் திடீரென்று முழு உணவும் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழாய் போட்ட அன்றே முழு அளவு ஏற்றச் சொல்லும் உத்தரவுகள் வருகின்றன. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவருக்குச் சர்க்கரை உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, இரத்தத்திலிருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் செல்களுக்குள் இழுக்கப்படும். இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம், மூச்சுத் தசைகள் தளரலாம். முதலில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, நாளுக்கு, கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கி, தினமும் இரத்தத்தில் இந்த உப்புகளைப் பார்த்துப் பல நாட்களில் ஏற்ற வேண்டும். பட்டினி அந்த அளவுக்குப் போகாமல் பார்ப்பதே இதைவிட எளிது.

மருத்துவம் தாண்டிய ஒன்றும் இதில் இருக்கிறது. அதைச் சொல்ல நாங்கள் தயங்கவில்லை. மருத்துவமனையில் ஒரு மனிதருக்கு நடப்பவற்றில் பெரும்பாலானவை அவர்மீது செய்யப்படுபவை. ஊசியும் ஸ்கேனும் ரவுண்ட்ஸும் அவரைக் கேட்டு வருவதில்லை. சாப்பாடு ஒன்றில்தான் இது வேண்டும், இது வேண்டாம், கொஞ்சம் பொறு, போதும் என்று சொல்ல அவருக்கு இடம் இருக்கிறது. பேச்சிழந்தவர்கூட உதட்டை மூடி அதைச் சொல்கிறார். எதிரே ஒருவர் உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைத்து, கரண்டியில் இருப்பது என்ன என்று சொல்லி ஊட்டும் அந்த 40 நிமிடம், பலருக்கு நாள் முழுவதிலும் இன்னொரு மனிதர் அவசரமின்றிப் பக்கத்தில் இருக்கும் ஒரே நேரம். வாழ்வின் கடைசி நாட்களில் இருப்பவருக்குச் சத்துக் கணக்கு தேவையில்லை. அவர் விரும்பும் சுவையில் இரண்டு கரண்டி, உதட்டை நனைக்க ஒரு மிடறு. அதுவும் சாப்பாடுதான், அதற்கும் ஆள் வேண்டும்.

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை. 25 நிமிட விதியை உடனே திரும்பப் பெறுங்கள். தட்டை எடுப்பது அந்தப் படுக்கைக்குப் பொறுப்பான செவிலியரின் அனுமதியோடு மட்டும் நடக்கட்டும். ஊட்டும் உதவியாளர்களைத் திரும்பப் பணியில் அமர்த்துங்கள். ஒரே நேரத்தில் ஒருவர் ஒருவருக்கே ஊட்ட முடியும் என்பதால், முழு உதவி தேவைப்படுபவர்களின் தட்டுகளை 45 நிமிட இடைவெளியில் இரண்டு சுற்றாக அனுப்பினால் குறைந்த ஆட்களைக் கொண்டே சமாளிக்கலாம்; அந்த அட்டவணையை நாங்களே போட்டுத் தருகிறோம். உதவி தேவைப்படுபவரின் தட்டு வேறு நிறத்தில் வரட்டும்.

விழுங்கல் பரிசோதனை இல்லாமலும், நோயாளியோ அவர் சார்பில் முடிவெடுப்பவரோ புரிந்து சம்மதிக்காமலும் யாருக்கும் குழாய் போடக் கூடாது என்று எழுத்தில் தாருங்கள். நேரம் ஒரு காரணமாக அந்தப் படிவத்தில் இடம்பெறக் கூடாது. உணவு வேளைகளில் அவசரமல்லாத ரவுண்ட்ஸ், ஸ்கேன், இரத்தம் எடுத்தல் ஆகியவற்றை நிறுத்துங்கள். பார்வையாளர் நேரத்திலிருந்து சாப்பாட்டு நேரத்தை விலக்கி வைத்திருக்கிறீர்கள். ஊட்ட விரும்பும் குடும்பத்தினரை அப்போது உள்ளே விடுங்கள், முறையை நாங்கள் சொல்லித்தருகிறோம். இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே 14 மணி நேரம் ஓடுகிறது. நடுவில் ஒரு சிற்றுணவு வேண்டும்.

சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் எடையும், கடந்த ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது என்ற விவரமும் பதிவாக வேண்டும். அதன்பின் வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். கால் வீக்கம் இருந்தால் அதையும் குறிக்க வேண்டும், நீர்க்கோப்பு எடைக்குறைவை மறைத்துவிடும். எடை பார்க்க நிற்க முடியாதவருக்கு உட்கார்ந்து பார்க்கும் தராசு வார்டுக்கு ஒன்று வாங்கித் தாருங்கள். கேஸ் ஷீட்டில் ‘சாப்பிட்டார்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் முழுதும், முக்கால், பாதி, கால், தொடவில்லை என்ற ஐந்து கட்டங்களை அச்சிடுங்கள். மூன்று வேளை தொடர்ந்து பாதிக்குக் கீழே போனால் அன்றே உணவியலாளரை அழைக்க வேண்டும் என்ற விதியை அதன் கீழேயே எழுதுங்கள். இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று எழுத்தில் பதில் தாருங்கள். மறுப்பதற்குக் காரணத்தையும் எழுதுங்கள். பதில் வரும்வரை சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
உள்நோயாளிப் பிரிவுச் செவிலியர்கள், உணவியலாளர்கள், விழுங்கல் சிகிச்சையாளர்கள்